மேசையில் விட்டுச் செல்லவும்

சனிக்கிழமை காலையில் வெர்லீன் ஸ்டோக்ஸ் இரண்டு எலுமிச்சம்பழங்களை நறுக்கி, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று முழங்கை வரைக்கும் தேய்ப்பாள். அதற்குப் பிறகு வினிகர், அதற்கும் பிறகு சோப்பு. கெளுத்தி மீன் ஆலையில் பதினாறு வருஷமாகக் கத்தி பிடிக்கிற கை. விரல்களில் எப்போதும் நாலைந்து கீறல்கள் இருக்கும். எலுமிச்சைச் சாறு அதில் இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். இவ்வளவு செய்தும் வாடை முழுதாகப் போகாது. புத்தகத்தில் ஒட்டாத அளவுக்குக் குறையும், அவ்வளவுதான்.

பிறகு பிள்ளைகளின் கையையும் பார்ப்பாள். பதினொரு வயது கெசையா, ஐந்து வயது ஜோனா. கடைசியாகப் பெரியப்பா ஹோசியா தானாகவே கைகளை நீட்டுவார். எழுபத்து மூன்று வயது. இடது கையில் இரண்டு விரல்களைப் பருத்தி ஆலை இயந்திரம் வாங்கிக்கொண்டது.

"எட்டுதான் இருக்கு. சீக்கிரம் பாத்து முடிச்சிரு," என்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே வேடிக்கைதான்.

காஸ்வெல் நகரத்தின் எல்லை ரயில் தண்டவாளத்தோடு நின்றுவிடுகிறது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஜின் ரோ என்கிற குடியிருப்பு. பழைய பருத்தி ஆலையை ஒட்டி நாற்பத்தொரு வீடுகள், எல்லாம் கறுப்பர் குடும்பங்கள். நகரம் வடக்கே வளர்ந்தது, கிழக்கே வளர்ந்தது, நெடுஞ்சாலையைத் தாண்டி மேற்கேயும் வளர்ந்தது. தெற்கே மட்டும் தண்டவாளத்தைத் தாண்டவில்லை. அதனால் ஜின் ரோவுக்குக் குப்பை வண்டி வராது, தெருவிளக்கு கிடையாது, நகர நூலகத்தின் அட்டையும் கிடையாது. அட்டை இல்லாதவர்கள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. உள்ளே உட்கார்ந்து படிக்கலாம்.

ஸ்டோக்ஸ் வீட்டார் பதினொரு வருஷமாக அப்படித்தான் படித்தார்கள். புதனும் சனியும்தான் நூலகம் திறந்திருக்கும். புதன்கிழமை வெர்லீன் வேலை முடிந்து கை கழுவி வருவதற்குள் மூடுகிற நேரமாகிவிடும். சனிக்கிழமை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் நிற்பார்கள். ஒரு மணிக்கு மூடும்போது கிளம்புவார்கள்.

அவர்கள் போவது ஜன்னலோரத்து ஒற்றை அலமாரிக்கு. கறுப்பின எழுத்தாளர்களின் அறுபத்தெட்டுப் புத்தகங்கள் அதில் இருந்தன. பதினொரு வருஷத்துக்கு முன் வெர்லீன் வாராவாரம் போகத் தொடங்கியபோது ஒன்பதே இருந்தன. அவையும் உள்ளறை அலமாரியில் பூட்டிக் கிடந்து, கறுப்பின வரலாற்று மாதம் என்று கொண்டாடுகிற பிப்ரவரியில் மட்டும் வெளியே வரும். வெர்லீன் வாசகர் கோரிக்கைப் பெட்டியில் வாரம் ஒரு சீட்டு எழுதிப் போட்டாள். ஒன்பது பன்னிரண்டாயிற்று, முப்பதாயிற்று. பூட்டைத் திறந்து பன்னிரண்டு மாதமும் வெளியே வைக்கச் செய்ததும் அந்தச் சீட்டுகள்தான்.

ஜோனாவுக்கு அதில் ஒரு படப்புத்தகம். ஒரு பையனுக்கு அவன் அம்மா தலை பின்னி முடிப்பதற்குள் அவன் எத்தனை எறும்புகளை எண்ணுகிறான் என்பதுதான் கதை. கெசையாவுக்குத் தேன்கூட்டுத் திருடர்களைத் துரத்துகிற தீவுக்காரப் பெண்ணின் கதை. "இதுல யாரும் சாகல, யாரையும் சங்கிலில கட்டல," என்று அவள் அதை மூன்றாம் முறை எடுத்திருந்தாள். ஹோசியாவுக்கு மர அறுவை ஆலையில் வேலை பார்த்த ஒருவர் எழுதிய கவிதைகள். வெர்லீனுக்கு விடுதி நடத்துகிற ஒரு பெண்ணைப் பற்றிய தடித்த நாவல். ஒரு சனிக்கிழமைக்கு ஐம்பது பக்கம். புத்தகத்தில் அடையாளம் வைக்க மாட்டாள், முனையை மடிக்க மாட்டாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் காலண்டரில் அந்தச் சனிக்கிழமைக் கட்டத்துக்குள் நான்கு பேரின் பக்க எண்களையும் எழுதிவைப்பாள். ஈமச்சடங்கு நடத்தும் ஓவர்ஸ்ட்ரீட் குடும்பம் வருஷா வருஷம் வீடு வீடாகக் கொடுக்கிற காலண்டர் அது.

ஜூன் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை ஜோனாதான் முதலில் பார்த்தான். அவன் புத்தகத்தின் முதுகில் சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"அம்மா, என் புத்தகத்துக்குப் பரிசு குடுத்திருக்காங்க."

வெர்லீன் அலமாரியைப் பார்த்தாள். எல்லாப் புத்தகங்களிலும் சிவப்புப் பொட்டு இருந்தது. பக்கத்து அலமாரிகளில் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

நூலகர் மிஸ் வின்ஸ்லோ மூன்று வருஷத்துக்கு முன் வந்தவள். முப்பது வயது வெள்ளைக்காரப் பெண். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டாள்.

"அது கழிக்கிற பட்டியல், வெர்லீன். மூணு வருஷமா யாருமே தொடாத புத்தகத்தை எடுத்துருவோம். எல்லா நூலகத்துலயும் செய்யறதுதான். கம்ப்யூட்டர் குடுத்த பட்டியல்."

"யாருமே தொடாததா?"

மிஸ் வின்ஸ்லோ திரையை அவள் பக்கம் திருப்பினாள். "பாருங்க. பிப்ரவரி மாசம் நல்லாப் போகுது. பள்ளிக்கூடத்துல கட்டுரை எழுதச் சொல்றாங்க, பிள்ளைங்க நம்ம அலங்கார மேசைலேருந்து எடுத்துட்டுப் போறாங்க. ஆனா அந்த மேசைக்குப் புதுப் புத்தகம் வட்டார நூலகத்துலேருந்து வருது, பிப்ரவரி முடிஞ்சதும் திரும்பிப் போயிரும். இந்த அறுபத்தெட்டுக்கும் வெளிய போனதும் பூஜ்யம், உள்ள படிச்சதும் பூஜ்யம். கவலைப்படாதீங்க, பிப்ரவரி மேசை வருஷா வருஷம் இருக்கும்."

"பிப்ரவரி இருபத்தெட்டு நாள். மிச்ச நாள்ல என் பொண்ணு என்னவா இருப்பா?"

மிஸ் வின்ஸ்லோ திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நாங்க சனிக்கிழமை சனிக்கிழமை அந்த ஜன்னலோரம் உக்காந்திருக்கோமே. அது எங்க போச்சு?"

"உள்ள படிச்சதுக்கும் கணக்கு உண்டு. மூடினதுக்கப்புறம் மேசைமேல கிடக்கிற புத்தகத்தை ஒவ்வொண்ணா இதுல காட்டுவேன்." கைக்கடக்கமான ஒரு கருவியைத் தூக்கிக் காட்டினாள். "சத்தம் வந்தா ஒருத்தர் படிச்சதா அர்த்தம். நீங்க மேசைல விடறதே இல்லையே. எடுத்த இடத்துலயே வெச்சிடறீங்க. உங்களை மாதிரி சுத்தமா இடத்தை விட்டுட்டுப் போறவங்க யாருமே இல்லன்னு நானே சொல்லியிருக்கேன்."

வெர்லீன் ஜன்னலோர மேசையைத் திரும்பிப் பார்த்தாள். அதன் நடுவில் சின்னப் பலகை ஒன்று நின்றது. 'படித்த புத்தகத்தை அடுக்க வேண்டாம். மேசையில் விட்டுச் செல்லவும்.' பதினொரு வருஷமாக அங்கேயே நின்ற பலகை.

"மூணு வருஷமா எங்களைப் பாத்துட்டுதானே இருக்கீங்க," என்றாள்.

"பாத்தேன். ஆனா பாத்ததைக் கணக்குல ஏத்த எனக்கு வழி இல்ல."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பன்றிக் கழுத்தெலும்புக் குழம்பும் சோறும் கீரையும். மின்விசிறி வெக்கையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. வயலுக்கு மருந்தடிக்கிற விமானம் சாயங்காலம் போயிருந்ததால் ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

வெர்லீனின் கணவன் ஆர்லிஸ் குளத்திலிருந்து உயிர்மீனை ஆலைக்கு ஏற்றிப் போகிற லாரி ஓட்டுகிறவன். எலும்பை உறிஞ்சி ஓரமாக வைத்தான்.

"கார்டு குடுக்காதவன் வீட்டு அலமாரி. அவன் வெச்சா என்ன, எடுத்தா என்ன? நம்ம குப்பைய நாமதான் எரிக்கறோம். அதுக்குச் சண்டை போடு, நான் வர்றேன்."

"நீ ஒரே ஒரு புத்தகத்தை முடிச்சிட்டு வந்து பேசு," என்றார் ஹோசியா.

"எனக்கு ரோட்டுல எழுதி வெச்சிருக்கறதே போதும் பெரியப்பா."

"அதையும் நீ சரியாப் படிக்கலன்னு போலீஸ்காரன் ரெண்டு தடவை சொல்லியாச்சு."

வெர்லீன் கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தத்தில் ஜோனா நிமிர்ந்தான்.

"தொடாத புத்தகமாம். அந்த நாவல்ல முந்நூத்திப் பதினாலாம் பக்கத்துல காபிக் கறை இருக்கு. நான் வைக்கல, எனக்கு முந்தி எவனோ வெச்சது. எந்தப் பக்கத்துல எது இருக்குன்னு எனக்குத் தெரியும். தொடாததாம்."

"அந்தப் பலகை எப்பவும் இருந்துச்சும்மா," என்றாள் கெசையா, தட்டைப் பார்த்தபடி.

"தெரியும்."

"ஏழு வயசுல நான் உன்கிட்டக் கேட்டேன். மேசைல விடச் சொல்லுதே, ஏன் நாம திருப்பி அடுக்கறோம்னு. அது நமக்குப் போட்டதில்ல, பின்னாடி வந்து அள்ள ஆள் வெச்சிருக்கறவங்களுக்குப் போட்டதுன்னு நீதான் சொன்ன."

வெர்லீன் எழுந்து குழாயைத் திறந்தாள். கழுவ ஒன்றும் இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கெசையாவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. வெர்லீனுக்கு ஒன்பது வயதில் அவள் அம்மா முதல்முறையாக அந்த நூலகத்துக்கு அவளைக் கூட்டிப் போனாள். அன்றைக்கு இருந்த நூலகர் அம்மாள் ஒரு துணியோடு அவர்கள் பின்னாலேயே வந்தாள். வெர்லீன் கை வைத்த மேசையைத் துடைத்தாள். உட்கார்ந்து எழுந்த நாற்காலியைத் துடைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தண்டவாளத்தைத் தாண்டும் வரைக்கும் அம்மாவும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "இனிமே நாம வந்துட்டுப் போனதே அவளுக்குத் தெரியக்கூடாது." அந்தப் பேச்சு வீடு வீடாகப் பரவியது. அன்றிலிருந்து ஜின் ரோக்காரர்கள் அங்கே போனால் நாற்காலியை உள்ளே தள்ளுவார்கள், புத்தகத்தை எடுத்த இடைவெளியிலேயே செருகுவார்கள், காகிதத் துணுக்கு விழுந்திருந்தால் அது யாருடையதாக இருந்தாலும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். வந்து போனது தெரியவே இல்லை.

குழாயை மூடினாள். "எங்கம்மா சொன்னதைத்தான் நான் சொன்னேன்," என்றாள். "சொல்லியிருக்கக் கூடாது."

புதன்கிழமை மூன்று மணிக்கு வேலை விட்டதும் நேராக வீட்டுக்குப் போய், கைகளை எலுமிச்சை போட்டுக் கழுவி, பெட்டிக்கடியில் கிடந்த காலண்டர்களையும் சமையலறையில் தொங்கியதையும் தலையணை உறையில் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். பதினொரு காலண்டர்கள். மிஸ் வின்ஸ்லோவின் மேசையில் விரித்தாள்.

"இந்தாங்க கணக்கு. இது பெரியப்பா. இது பொண்ணு, மூணு வயசுலேருந்து. இது நான். நாலாவது எண் பையனோடது, அவனுக்கு ரெண்டு வயசுலேருந்து, படம்தான் பாத்தான், அதையும் எழுதியிருக்கேன். மழைன்னு எழுதியிருக்கற வாரம் தண்டவாளத்தடியில தண்ணி நின்னுச்சு. மத்தபடி ஒரு சனிக்கிழமை விடல."

மிஸ் வின்ஸ்லோ பக்கங்களைப் புரட்டினாள். முகம் சிவந்தது. "நான் நம்பறேன் வெர்லீன். ஒவ்வொண்ணையும் நம்பறேன். ஆனா நிர்வாகக் குழு இதை ஒத்துக்காது."

"மிஸஸ் ஸ்டோக்ஸ்."

"என்ன?"

"என் பேரு மிஸஸ் ஸ்டோக்ஸ். உங்களை நான் மிஸ் வின்ஸ்லோன்னுதான் கூப்பிடறேன். மூணு வருஷமா."

குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. மிஸ் வின்ஸ்லோ ஒரு காலண்டரை மெதுவாக மூடினாள். "மிஸஸ் ஸ்டோக்ஸ்," என்றாள்.

"ஒரு புத்தகம் ஒரே ஒரு தடவை அந்தக் கருவில சத்தம் போட்டா என்ன ஆகும்?"

"பட்டியல்லேருந்து தானா விழுந்துரும். அடுத்த மூணு வருஷத்துக்கு வராது."

"பட்டியல் எப்ப முடியுது?"

"சனிக்கிழமை ஒரு மணிக்கு. திங்கக்கிழமை பெட்டி கட்டிருவாங்க."

வியாழக்கிழமை காலையில் ஆலையில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விருந்துகளுக்கு மீன் நிறையப் போகிறது, அதனால் சனிக்கிழமை காலை ஐந்திலிருந்து பதினொன்றரை வரைக்கும் எல்லோரும் வர வேண்டும், வராதவர்கள் வர வேண்டியதே இல்லை.

வெட்டு மேசையில் பெண்கள் தோளோடு தோள் நிற்பார்கள். ரப்பர் பூட்ஸ், தலைமுடிக்கு வலை, இரண்டு சோடிக் கையுறை. காலடியில் ஐஸ் தண்ணீர் ஓடும். தலை போன மீன் நகரும் பட்டையில் வந்துகொண்டே இருக்கும். முதுகெலும்பை ஒட்டி ஒரு வெட்டு, திருப்பிப் போட்டு இன்னொரு வெட்டு, சதை இந்தப் பக்கம், எலும்பு அந்தப் பக்கம். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு. பேச வேண்டுமானால் கத்த வேண்டும். வெர்லீன் கத்தினாள். அலமாரி, பொட்டு, பூஜ்யம் எல்லாவற்றையும்.

"நானும் என் புள்ளைங்களும் போறோமே," என்றாள் பக்கத்தில் நின்ற ஒடெஸ்ஸா. "நாங்களும் பூஜ்யமா?"

"நீயும் பூஜ்யம்தான். திருப்பி அடுக்கினல்ல?"

"பின்ன, அப்படியே போட்டுட்டு வர்றதுக்கு என்னை என்ன நாய் வளர்த்துச்சா?"

"அதான் பூஜ்யம்."

ஒடெஸ்ஸா நான்கு மீனை வெட்டித் தள்ளினாள். பிறகு வாயில் வந்த கெட்ட வார்த்தையைச் சொன்னாள். மேற்பார்வையாளன் திரும்பிப் பார்த்தான்.

"சனிக்கிழமை மணி அடிச்சதும் நேரா அங்க," என்றாள் வெர்லீன். "வீட்டுக்குப் போய்க் கழுவிட்டு வர நேரமில்ல."

"இந்த நாத்தத்தோடயா?"

"இந்த நாத்தத்தோடதான்."

"எனக்குப் படிச்சாத் தலைவலி வரும்," என்றாள் எதிர்ப்பக்கம் நின்ற லூட்ரிஸ்.

"தலைவலியோட வா. ஆனா ஒண்ணு, சும்மா எடுத்து மேசைல போடறதெல்லாம் கூடாது. நாம படிக்காததைப் படிச்சதா நான் சொல்ல மாட்டேன். திறக்கணும். படிக்கணும். ஒரு பக்கமாவது."

சனிக்கிழமை பத்து மணிக்கு ஹோசியாவும் பிள்ளைகளும் வாசலில் நின்றார்கள். ஒடெஸ்ஸாவின் பிள்ளைகள் நாலு பேரும் பக்கத்து வீட்டுக் கிழவர்கள் இரண்டு பேரும் கூட. பதினொன்றேமுக்காலுக்கு ஆர்லிஸின் பிக்கப் வண்டியும் இன்னொரு வண்டியும் நூலகத்து வாசலில் நின்றன. பின்தட்டிலிருந்து பத்தொன்பது பெண்கள் ரப்பர் பூட்ஸோடு இறங்கினார்கள்.

கதவு திறந்ததும் குளிர்காற்று அவர்கள்மேல் பட்டு, மீன் வாடையை அள்ளிக்கொண்டு அறை முழுக்கச் சுற்றியது. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் தலை நிமிர்ந்தார். தாளை மடித்தார். வெளியே போனார். தாளை மேசையில் அப்படியே விட்டுவிட்டுத்தான் போனார்.

"பாத்தியா, அவருக்குக் கணக்கு உண்டு," என்றாள் ஒடெஸ்ஸா.

உட்கார்ந்தார்கள். நாற்காலி போதாமல் தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் உட்கார்ந்தார்கள். முதல் கால் மணி நேரம் யாருக்கும் வசப்படவில்லை. ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் பக்கத்தை முழங்கையால் திருப்பினார்கள். பிறகு லூட்ரிஸ் ஒரு சத்தம் போட்டுச் சிரித்தாள். பதின்வயதுக்காரர்களுக்கான கதைப் புத்தகம், ஒரு பெண் பள்ளிக்கூட நடனத்துக்குப் பொய்ப் பல் கட்டிய மாமாவைக் கூட்டிப் போகிறாள். லூட்ரிஸ் அதை உரக்கப் படிக்கத் தொடங்கியதும் ஒடெஸ்ஸா, "வாய மூடு, நான் இங்க ஒரு பிணத்தோட உக்காந்திருக்கேன்," என்று தன் துப்பறியும் நாவலைத் தூக்கிக் காட்டினாள். கிழவர்களில் ஒருவர் படை வாழ்க்கையைப் பற்றிய புத்தகத்தில் தான் இருந்த முகாமின் பெயரைக் கண்டுபிடித்து, விரலை அதன்மேல் வைத்தபடி அசையாமல் இருந்தார்.

ஆர்லிஸ் கதவருகே கை கட்டி நின்றான். ஜோனா எறும்புப் புத்தகத்தைக் கொண்டுபோய் அவன் கையில் திணித்தான்.

"நான் வண்டி ஓட்ட வந்தவன்டா."

"எனக்கு எழுத்து தெரியாதுப்பா. நீ படி."

ஆர்லிஸ் சுற்றிப் பார்த்தான். தரையில் உட்கார்ந்தான். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படித்தான். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "பதினேழு எறும்பா? நான் பதினாறுதான் பாத்தேன்," என்று பக்கத்தைத் திருப்பிப் போய் மறுபடி எண்ணினான்.

ஆளுக்கு இரண்டு மூன்று புத்தகமாவது திறந்து படித்தபின், ஒரு மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். அப்போதுதான் சிரமம் வந்தது. ஒடெஸ்ஸா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அலமாரியைப் பார்த்து நடந்தாள்.

"ஒடெஸ்ஸா. மேசைல வை."

"தெரியும். வைக்கறேன்." வைத்தாள். வைத்த புத்தகத்தை மேசை விளிம்புக்கு நேராக்கினாள். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். லூட்ரிஸ் நாற்காலியை உள்ளே தள்ளப் போய், பாதியில் விட்டாள்.

மிஸ் வின்ஸ்லோ எழுந்து வந்தாள். ஒரு கையில் தெளிப்புப் புட்டியும் துணியும், இன்னொரு கையில் அந்தக் கருவி. மேசையெங்கும் ஈரக்கை வட்டங்கள், ஓரத்தில் ஒரு மீன் தோல் துணுக்கு. வாடை கனமாக நின்றது. அவள் யோசிக்காமல்தான் செய்திருப்பாள், முதலில் துணிதான் மேசைக்குப் போனது.

"துடைக்காதீங்க," என்றாள் வெர்லீன்.

அவள் கத்தவில்லை. ஆனால் அறையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"முதல்ல எண்ணுங்க. ஒவ்வொண்ணா. நான் நிக்கறேன்."

மிஸ் வின்ஸ்லோ துணியைக் கீழே வைத்தாள். முதல் புத்தகத்தை எடுத்துக் கருவியில் காட்டினாள். அது சத்தம் போட்டது. அடுத்தது. அடுத்தது. கெசையா உதட்டுக்குள் எண்ணினாள். பத்தொன்பது பெண்களும் நாற்காலிகளுக்கு நடுவே, கூலி வாங்க நிற்பதுபோல் நின்றார்கள். ஒரு மணிக்கு நாலு நிமிஷம் இருந்தது, மூன்று நிமிஷம் இருந்தது.

"அறுபத்தேழு," என்றாள் மிஸ் வின்ஸ்லோ. மேசைகளில் வேறெதுவும் இல்லை.

வெர்லீன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். காலியான அலமாரியில், மூன்றாவது தட்டில், ஒரே ஒரு மெல்லிய புத்தகம் தன் இடத்தில் நேராக நின்றது. பக்கத்தில் சாய்ந்துகொள்ள எதுவும் இல்லாமல், விழாமல் நிற்கும்படி யாரோ கவனமாக நிறுத்தியிருந்தார்கள்.

"பெரியப்பா."

ஹோசியா தன் கையைப் பார்த்தார். "படிச்சேன்," என்றார். "மூணு தடவை படிச்சேன். நான் வைக்கலம்மா. கை வெச்சிருச்சு." இடது கையை மேசை விளிம்பில் அடித்தார். "இந்த எழவெடுத்த கை. இதைப் பூராவா அந்த மிஷின் வாங்கிட்டுப் போயிருக்கலாம்."

"உங்க கையில ஒண்ணும் தப்பில்ல. நீங்களே எடுத்துட்டு வாங்க."

அவர் போனார். எடுத்து வந்து, மேசைக்கு மேலே ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு விட்டார். அது தட்டென்று கோணலாக விழுந்தது. யாரும் நேராக்கவில்லை. மிஸ் வின்ஸ்லோ கருவியை நீட்டினாள். சத்தம் வந்தது.

பெண்கள் கதவைப் பார்த்து நடந்தார்கள். பூட்ஸின் ஈரத்தடங்கள் வாசல்வரை போயின. நாற்காலிகள் இழுத்த இடத்திலேயே, இழுத்த கோணத்திலேயே கிடந்தன.

"இப்பத் துடைக்கலாமா, மிஸஸ் ஸ்டோக்ஸ்?" என்று கேட்டாள் மிஸ் வின்ஸ்லோ.

வெர்லீன் கதவைப் பிடித்தபடி திரும்பினாள்.

"துடைங்க. புதன்கிழமை மறுபடியும் துடைக்க வேண்டியிருக்கும். சனிக்கிழமையும். பிப்ரவரி வரைக்கும், அது முடிஞ்ச மார்ச்லயும்."